ஏழாம் நாள்

எங்கள் வீட்டில் ஒரு பிள்ளை, பெயர் வைக்கும் முன்பே மௌத்தாகிப் போனது. அது என் தம்பி. 1963ஆம் ஆண்டு. எனக்கு அப்போது ஏழு வயது. இன்று நான் பேரப்பிள்ளைகளைக் கண்ட கிழவி. ஆனாலும் முற்றத்து முருங்கை மரத்தில் கட்டியிருந்த அந்த இரண்டு ஆடுகளின் சத்தம் இன்னும் என் காதில் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

சகோதரிகளே! இந்தக் கதையை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. சென்ற மாதம் என் பேத்தியின் கணவரிடம் சொல்ல வேண்டி வந்தது. சொல்லி முடித்த பிறகு, நம் குடும்பங்களில் உள்ள மற்றப் பிள்ளைகளும் இதைக் கேட்கட்டுமே என்று தோன்றியது.

எங்கள் ஊர் கிழக்கே கடலுக்கும் மேற்கே மட்டக்களப்பு வாவிக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கும் மணல் நிலம். சூரியன் எழும் பக்கத்தில் இருப்பதால் எழுவான்கரை. வாவிக்கு அப்பால் படுவான்கரை. வாப்பாவுக்கு அங்கேதான் வயல். விதைப்புக் காலத்தில் தோணியேறிப் போனால் நாலைந்து நாள் கழித்துத்தான் வீட்டுக்கு வருவார். தம்பி பிறந்த இரவும் அவர் அக்கரையில்தான் இருந்தார்.

அந்தக் காலத்தில் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிள்ளை பெறுவது எங்கள் தெருவில் அபூர்வம். மருத்துவிச்சிதான் வருவார். எங்கள் தெருவில் பாதிப் பேரை முதலில் தொட்டது அவருடைய கைதான். என்னையும் அவர்தான் எடுத்தார். அன்றிரவு குப்பி விளக்கு வெளிச்சத்தில் தம்பியை எடுத்து, வழக்கமாகப் பாவிக்கும் கத்தியால் தொப்புள்கொடியை அறுத்து, அடுப்புச் சாம்பலைத் தேங்காயெண்ணெயில் குழைத்து அதன்மேல் வைத்தார். புண் சீக்கிரம் காய வேண்டும் என்பதற்காக! எல்லோருக்கும் அப்படித்தான் செய்தார்.

வாப்பா வந்ததும் பிள்ளையின் காதில் பாங்கு சொன்னார். இரண்டு பெண் பிள்ளைகளுக்குப் பிறகு ஆண் பிள்ளை. சந்தோஷம் கொஞ்சமல்ல. ஏழாம் நாள் முடி இறக்கிப் பெயர் வைத்து அகீகா கொடுக்க இரண்டு ஆடுகளைப் பிடித்து வந்து முருங்கையில் கட்டினார். நானும் ராத்தாவும் அவற்றுக்குக் குழை ஒடித்துப் போடுவோம்.

நாலு நாள் தம்பி நன்றாகப் பால் குடித்தான். நன்றாக அழுதான். ஐந்தாம் நாள் காலையில் வாயில் மார்பை வைத்தால் உறிஞ்ச முடியவில்லை. தாடை இறுகியிருந்தது. பசியில் அழப் பார்க்கிறான், வாய் திறக்கவில்லை. உதடுகள் இரண்டு பக்கமும் இழுபட்டுச் சிரிப்பது போலிருந்தது. "மலக்குமார் கனவுல விளையாட்டுக் காட்டுறாங்க புள்ள" என்று மூத்தம்மா சொன்னார். நானும் அந்தச் சிரிப்பைப் பார்த்துச் சிரித்தேன். இதை எழுதும்போது கை நடுங்குகிறது.

மறுநாள் உடம்பு முழுவதும் விறைத்தது. சின்ன முதுகு வில்லைப் போல் பின்னால் வளைந்தது. கை விரல்கள் முஷ்டியாக மூடிக்கொண்டன. ஆடு கத்தினால் பிள்ளை முறுகும். கதவு சத்தம் போட்டால் முறுகும். மஃரிபுக்குப் பாங்கு சொன்ன நேரத்திலும் முறுகினான். அவ்வளவுதான்! கூடியிருந்தவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். பாங்குச் சத்தம் கேட்டு உள்ளே இருக்கிற ஷைத்தான் துடிக்கிறான் என்றார்கள். ஓதிப் பார்த்தார்கள். நூல் கட்டினார்கள். ஏழாம் நாள் சுபஹுக்கு முன்பு தம்பி அடங்கிவிட்டான். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். பெயர் வைக்கவிருந்த நாளில் வாப்பா அவனைக் கையில் ஏந்திக்கொண்டு மையவாடிக்குப் போனார். ஆடுகள் முருங்கையடியில் கத்திக்கொண்டே நின்றன.

அதன் பிறகு நடந்ததுதான் இன்னும் கொடுமை. பிள்ளை உண்டாகியிருந்தபோது ஒரு நாள் மஃரிப் நேரத்தில் உம்மா தலையில் முக்காடு இல்லாமல் கிணற்றடிக்குப் போனாராம். அதனால்தான் ஜின் தொட்டதாம். யாரோ சொன்ன அந்தப் பேச்சை உம்மா நம்பிவிட்டார். தன் பிள்ளையைத் தானே கொன்றதாக அவர் நெஞ்சில் எழுதிக்கொண்டார். மருத்துவிச்சிக்கோ, "கைராசி இல்லாதவள்" என்று பெயர் வந்தது. அவர் எங்கள் வாசலைத் தாண்டிப் போகும்போது உம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அல்லாஹ்வின் அருளால் நான் படித்தேன். விஞ்ஞான ஆசிரியையானேன். அந்த நோய் ஜின்னால் வந்ததல்ல, ஏற்புவலி என்பதை அறிந்துகொண்டேன். ஆனாலும் உம்மாவிடம் சொல்லத் துணிவு வரவில்லை. ஆறிய புண்ணை ஏன் கிளற வேண்டும் என்று விட்டுவிட்டேன். அது ஆறாத புண் என்பது 1979இல்தான் தெரிந்தது.

அந்த ஆண்டு நான் முதல் பிள்ளையை உண்டாகியிருந்தேன். கிளினிக்கில் ஏற்பு ஊசி போட்டுக்கொண்டு வந்து, கை வலிக்கிறது என்று உம்மாவின் மடியில் சாய்ந்தேன். "இது எதுக்குப் போடுற ஊசி?" என்று கேட்டார். சொன்னேன். தாடை இறுகுவது, சிரிப்பது போல் இழுபடுவது, சத்தத்துக்கு முறுகுவது எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். உம்மா நெடுநேரம் பேசவில்லை. பதினாறு வருடம் அவர் சுமந்ததை நான் கண்டுகொள்ளவில்லையே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

கடைசியில், "அப்ப நான் கிணத்தடிக்குப் போனதால இல்லயா?" என்று கேட்டார்.

"இல்லம்மா."

"மறுகா... அவளும் அறியாமத்தானே செய்தா" என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு தட்டில் சோறும் கறியும் வைத்து மூடி, தானே மருத்துவிச்சியின் வீட்டுக்குக் கொண்டு போனார். அங்கே இருவரும் என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. உம்மாவின் கண்கள் சிவந்திருந்தன. முகம் தெளிந்திருந்தது.

அந்த நோய் எப்படி வருகிறது என்பதைக் கொஞ்சம் சொல்கிறேன். அதன் கிருமி மண்ணிலும் ஆடு மாடுகளின் சாணத்திலும் வித்து வடிவத்தில் பல வருடம் உறங்கிக் கிடக்கும். சிறிது நேரம் கொதிக்கும் நீரையும் தாங்கும். காற்றுப் படாத இடம் கிடைத்தால் விழித்துக்கொள்ளும். அறுத்த தொப்புள்கொடியின்மேல் சாம்பலை அப்பி மூடினால் அதற்கு வேண்டிய இடம் கிடைத்துவிடுகிறது. அது கத்தியிலிருந்து வந்ததா, சாம்பலிலிருந்து வந்ததா, ஆடு கட்டிய முற்றத்து மண்ணிலிருந்து வந்ததா என்று இன்று யாராலும் சொல்ல முடியாது.

கிருமி தொப்புளைத் தாண்டிப் போவதில்லை. அங்கேயே இருந்து ஒரு நஞ்சைச் சுரக்கிறது. அந்த நஞ்சு நரம்பின் நுனியில் ஏறி, நரம்பு வழியே முதுகுத் தண்டுக்குப் போய்ச் சேருகிறது. அங்கே அது என்ன செய்கிறது? இந்தக் கேள்விக்கு நான் படித்த காலத்தில் யாரிடமும் முழுமையான விடை இல்லை. 2013இல் ரொத்மன், ஷெக்மன், சூடோப் என்ற மூன்று அறிஞர்களுக்கு மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தபோது, என் மாணவிகளுக்கு விளக்குவதற்காகத் தேடிப் படித்தேன். அப்போதுதான் ஐம்பது வருடத்துக்குப் பிறகு என் தம்பிக்கு நடந்தது என்ன என்பது எனக்கே விளங்கியது.

நம் உடம்பின் ஒவ்வொரு உயிரணுவும் ஓர் ஊர் போன்றது. அதற்குள்ளே பொருள்கள் அங்குமிங்கும் போக வேண்டும். சில பொருள்கள் வெளியே போக வேண்டும். அவற்றைச் சுமந்து செல்ல மெல்லிய சவ்வாலான சின்னஞ்சிறு பைகள் இருக்கின்றன. நரம்பின் நுனியில் உள்ள பை ஒன்றின் விட்டம் ஒரு மில்லிமீற்றரில் இருபத்தையாயிரத்தில் ஒரு பங்குதான்! ஒரு நரம்பு இன்னொன்றுக்குச் சொல்ல வேண்டிய செய்தி அந்தப் பைக்குள் இரசாயனமாக அடைந்து கிடக்கிறது. பை நரம்பின் ஓரத்துக்கு வந்து, ஓரத்துச் சவ்வோடு ஒட்டி, திறந்து கொட்டினால்தான் செய்தி போகும்.

நம் வாவியில் குருமண்வெளியிலிருந்து மண்டூருக்குத் தோணி போவதை நினைத்துக்கொள்ளுங்கள். தோணி துறைக்கு வந்தால் மட்டும் போதாது. கயிற்றை எறிந்து துறைக் கட்டையில் சுற்றி இழுத்துக் கட்ட வேண்டும். அப்போதுதான் மூட்டை கரை இறங்கும். நரம்புப் பையிலும் அப்படி ஒரு கயிறு இருக்கிறது. அது ஒரு புரதம். சினாப்டோபிரெவின் என்று பெயர். வெறும் 116 கண்ணிகள் கொண்ட சிறிய சங்கிலி. கரைப்பக்கத்தில் சின்டாக்சின், ஸ்னாப்-25 என்ற இரண்டு புரதங்கள் கட்டைகள் போல் நிற்கின்றன. மூன்றும் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு பையைக் கரையோடு சேர்த்து இழுக்கின்றன. பை திறக்கிறது. சுப்ஹானல்லாஹ்! நீங்கள் இந்த வரியை வாசிக்கும் நேரத்துக்குள் உங்கள் தலைக்குள் கணக்கற்ற தோணிகள் இப்படிக் கட்டி அவிழ்ந்துவிட்டன.

இத்தாலியில் பாதுவா என்ற நகரத்தில் ஸ்கியாவோ, மொண்டெகுக்கோ என்ற அறிஞர்களும் அவர்களோடு சேர்ந்தவர்களும் 1992இல் ஓர் உண்மையைக் கண்டுபிடித்தார்கள். ஏற்புவலி நஞ்சு ஒரு கத்தரிக்கோல். துத்தநாகம் பொருந்திய கத்தரிக்கோல். அது சினாப்டோபிரெவின் என்ற அந்தக் கயிற்றை மட்டும், அதுவும் 76ஆம் கண்ணிக்கும் 77ஆம் கண்ணிக்கும் நடுவில், துண்டித்துவிடுகிறது. வேறெதையும் தொடுவதில்லை. கயிறு அறுந்த தோணியில் மூட்டை அப்படியே கிடக்கிறது. ஒரு கத்தரிக்கோல் ஒன்றை வெட்டிவிட்டு ஓய்வதில்லை, அடுத்தடுத்து வெட்டிக்கொண்டே போகும். ஆகவேதான் கண்ணுக்கே தெரியாத அளவு நஞ்சு ஒரு மனிதனைச் சாய்த்துவிடுகிறது.

அந்த மூட்டையில் இருந்தது என்ன தெரியுமா? "ஓய்வெடு" என்ற கட்டளை! நம் தசைகளுக்கு இறுகச் சொல்லும் நரம்புகளும் உண்டு, இறுக்கத்தை அடக்கும் நரம்புகளும் உண்டு. ஏற்புவலி நஞ்சு முதுகுத் தண்டில் அடக்கும் நரம்புகளைத்தான் பிடிக்கிறது. அடக்குபவன் இல்லாததால் எல்லாத் தசைகளும் ஒரே நேரத்தில் இறுகுகின்றன. ஒரு சிறு சத்தமும் அவற்றைக் கிளப்பிவிடப் போதும். ஆட்டின் குரலுக்கும் கதவுச் சத்தத்துக்கும் பாங்கொலிக்கும் தம்பி முறுகியது அதனால்தான். பாங்கைக் கேட்டுத் துடித்தது ஷைத்தான் அல்ல, ஓய்வு கிடைக்காத ஒரு பச்சிளம் உடம்பு. நாங்கள் சிரிப்பென்று நினைத்ததும் அதுதான்.

இப்போது என் பேத்தியின் கதைக்கு வருகிறேன். அவளுக்கு இது தலைப்பிள்ளை. கிளினிக்கில் ஏற்பு ஊசிக்கு நாள் கொடுத்திருந்தார்கள். அவள் போகவில்லை. கேட்டால் அழுகிறாள். மாப்பிள்ளை வேண்டாம் என்கிறாராம். நல்ல பிள்ளை அவர். ஐந்து வேளை தொழுகிறவர். பெண் வீட்டோடு வந்து எங்களோடு ஒருவராக இருப்பவர். கைபேசியில் யாரோ அனுப்பியிருக்கிறார்கள், இந்த ஊசி முஸ்லிம் பெண்களை மலடாக்கும் என்று! இந்தப் புரளி புதிதல்ல. 1990களில் பிலிப்பைன்ஸிலும், 2014இல் கென்யாவிலும் கிறிஸ்தவர்களிடையே இதே கதை பரவியது. அங்கே அவர்களிடம் ஒரு பேச்சு, இங்கே நம்மிடம் ஒரு பேச்சு!

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அவரை அருகில் இருத்தி, ஏசாமல், தம்பியின் கதையைச் சொன்னேன். அவர் தலை குனிந்து கேட்டார்.

"மூத்தம்மா, மலடாக்காது எண்டு எப்படிச் சொல்லுவீங்க?" என்று கேட்டார்.

"நான் இந்த ஊசி போட்டுத்தான் ஐந்து பிள்ளை பெத்தன் மகன். உங்கட மாமியும் போட்டுத்தான் நாலு பெத்தா. அதுல ஒண்டத்தான் நீங்க கட்டியிருக்கீங்க" என்றேன். அழுதுகொண்டிருந்த பேத்தியும் சிரித்துவிட்டாள்.

பிறகு விளக்கினேன். ஊசியில் இருப்பது அந்த நஞ்சுதான். ஆனால் போர்மலின் சேர்த்து அதன் கூரை மழுக்கிவிட்டார்கள். பாரிஸ் பாஸ்டர் நிலையத்தில் ரமோன் என்ற அறிஞர் 1920களில் கண்ட முறை அது. வெட்ட முடியாத கத்தரிக்கோலைப் பார்த்து உடம்பு அதன் உருவத்தைப் படித்துக்கொள்கிறது. உண்மையான நஞ்சு வரும்போது நரம்பில் ஏறும் முன்பே பிடித்துவிடுகிறது. தாயின் உடம்பில் உண்டாகும் அந்தக் காவல் நச்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்கும் போகிறது. பிள்ளை உலகத்துக்கு வரும்போதே காவலோடு வருகிறது.

"இப்ப அந்த நோய் எங்க இருக்கு மூத்தம்மா? யாரும் சொல்லிக் கேள்விப்படல்லயே?"

நியாயமான கேள்விதான். 1988இல் உலகம் முழுவதும் ஏறத்தாழ 7,87,000 பச்சிளங்குழந்தைகள் இந்த நோயில் மடிந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. 2018இல் அது 25,000 அளவுக்குக் குறைந்தது. நம் நாட்டில் 1978இல் தடுப்பூசித் திட்டம் விரிவாக்கப்பட்டது. பிரசவங்கள் ஆஸ்பத்திரிக்கு மாறின. ஆயிரம் பிறப்புக்கு ஒன்றுக்கும் குறைவு என்ற அளவை எட்டி, இலங்கை உட்பட்ட தென்கிழக்காசியப் பிராந்தியமே 2016இல் இதை விரட்டியதாக அறிவிக்கப்பட்டது. நோய் தானாகப் போகவில்லை மகன், ஊசி போட்டுத்தான் போனது.

இன்னொன்றையும் சொன்னேன். சின்னம்மை, இருமல் போல இது ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றுவதில்லை. ஆகவே ஊரெல்லாம் ஊசி போட்டிருந்தாலும் போடாத ஒருவருக்கு அது காவலாகாது. கிருமி மண்ணில் இருக்கிறது. மண்ணை யாராலும் கழுவ முடியாது. 2004ஆம் ஆண்டு சுனாமியின் பிறகு இந்தோனேசியாவின் அச்சே மாகாணத்தில் காயம்பட்டவர்களில் நூறு பேருக்கு மேல் ஏற்புவலி வந்தது. நமக்கு வந்த அதே அலை, நம்மைப் போன்ற மக்கள். இங்கே நாங்கள் முகாமில் வரிசையில் நின்று ஏற்பு ஊசி போட்டுக்கொண்டதை அவருடைய உம்மாவிடம் கேட்டுப் பார்க்கச் சொன்னேன். இந்த நோய் ஒரு முறை வந்து பிழைத்தவருக்குக்கூட மறுமுறை வரலாம். அவ்வளவு சிறிய நஞ்சு, உடம்புக்குப் பாடம் படிக்கக்கூடப் போதாது. ஊசி ஒன்றுதான் பாடம்.

"அல்லாஹ் நாடியதுதானே நடக்கும்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"உண்மைதான். ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் அல்லாஹ்மேல் பாரம் சாட்ட வேண்டும் என்று நமக்குக் கற்றுத்தந்த நபி (ஸல்) அவர்களின் உம்மத்து நாம். எங்கட உம்மாவுக்கு அண்டைக்குக் கட்டக் கயிறு இல்ல மகன். உங்களுக்கு இரிக்கி" என்றேன்.

அவர் அதற்குமேல் எதுவும் பேசவில்லை. எழுந்து போகும்போது மட்டும், "அந்தப் புள்ளைக்கு என்ன பேர் வைக்க இருந்தீங்க?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. வாப்பா மனதில் வைத்திருந்த பெயரை யாருக்கும் சொல்லாமலேயே மௌத்தாகிவிட்டார்.

அடுத்த கிளினிக் நாளில் பேத்தியை அவரே மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார். திரும்பி வந்து, கை வலிக்கிறது என்று அவள் என் மடியில் சாய்ந்தாள். தடவிக் கொடுத்தேன். இரண்டாவது ஊசிக்கும் நாள் குறித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

சகோதரிகளே! வயிற்றில் பிள்ளை இருந்தால் கிளினிக் அட்டையை எடுத்துப் பாருங்கள். ஏற்பு ஊசி பதிந்திருக்கிறதா என்று தேடுங்கள். பிள்ளையின் தொப்புளில் சாம்பலோ, எண்ணெயோ, மருந்தென்று எதுவோ வைக்காதீர்கள். சுத்தமாகவும் உலர்ந்தும் இருந்தால் அது தானாக விழும். பிள்ளைகளின் கத்னாவைச் சுத்தமான கருவியோடு தகுந்தவரிடம் செய்யுங்கள். வயலுக்கும் வாவிக்கும் போகும் ஆண்கள் முள்ளோ, சிப்பியோ, ஆணியோ குத்தினால் சேறோடு விட்டுவிடாமல் கழுவிவிட்டு ஊசி பற்றி விசாரிக்கட்டும். யாராவது ஒரு தாய் பிள்ளையை இழந்து நின்றால், அவள் கிணற்றடிக்குப் போன கதையைக் கிளப்பாதீர்கள். ஒரு சொல்லைச் சுமந்து பதினாறு வருடம் வாழ்ந்தவரின் மகள் கேட்டுக்கொள்கிறேன்.

யா அல்லாஹ்! என் உம்மாவையும், அறியாமல் செய்த அந்த மருத்துவிச்சியையும் மன்னித்து உன் ரஹ்மத்தில் சேர்ப்பாயாக. பெயரில்லாமல் போன என் தம்பியை அவன் பெற்றோருக்குச் சுவர்க்கத்து வாசலில் பரிந்துரைப்பவனாக ஆக்குவாயாக. எங்கள் வீட்டுக்கு வரவிருக்கும் பிள்ளைக்கு ஏழாம் நாளைச் சந்தோஷமான நாளாக்கித் தருவாயாக. ஆமீன்.